எருமைக்கு வைத்த கழுநீர்

போன வாரம் மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. மருமகள் ஆசை ஆசையாகப் பிரித்தாள். உள்ளே கைக்கு அடக்கமான ஒரு பாட்டில், மேலே பீய்ச்சி அடிக்கிற மூடி. தலைமுடிக்காம். அரிசி களைந்த தண்ணீரைப் புளிக்க வைத்து, வாசனை சேர்த்து அடைத்திருக்கிறார்கள், கொரியாவில் எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள் என்று விளக்கினாள். நான் வாங்கி முகர்ந்து பார்த்தேன். ரோஜாப்பூ வாசனை அடித்தது.

"இது தேறாது. எருமை திரும்பிக்கூடப் பார்க்காது" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஓ.எம்.ஆர். பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவளுக்குப் புரியாதுதான். உங்களுக்குப் புரியும். நீங்களும் என்னைப்போல அறுபதைத் தாண்டியவர்கள், காலையில் சீப்பில் சுற்றிக்கொண்டு வருவதை உருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுப் பெருமூச்சு விடுகிறவர்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். என் தலையை ஒரு எருமை நக்கிய கோடைகாலத்தின் கதை இது.

அப்போது நாங்கள் தாம்பரத்தில், சேலையூர் பக்கம் ஒரு காலனியில் இருந்தோம். செம்மண் சாலை, வீட்டுக்கு ஒரு கிணறு, தலைக்கு மேலே பயிற்சி விமானம் நாள் முழுவதும் உறுமிக்கொண்டே வட்டமடிக்கும். அப்பா பீச் ஸ்டேஷனுக்கு ரயிலேறிப் போகும் குமாஸ்தா. ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் எனக்கு டைபாய்டு வந்தது. பொரியும் கஞ்சியுமாக மூன்று வாரம் கிடந்தேன். காய்ச்சல் இறங்கியது, பின்னாலேயே முடியும் இறங்கியது. தலையணையில் முடி, தட்டில் முடி, அப்பாவின் ஆபீஸ் சட்டையில் முடி. இடுப்பைத் தொட்ட பின்னல் எலி வாலாகி, அந்த எலி வாலையும் அம்மா ஒரு நாள் கத்தரித்துவிட்டாள். மிச்சம் நின்றது அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு கற்றை.

அதற்குப் பிறகுதான் குண்டைத் தூக்கிப் போட்டாள். காய்ச்சல் உச்சத்தில் இருந்த அன்று திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள், பெண் பிழைத்தால் அவள் தலைமுடியைக் காணிக்கை தருகிறேன் என்று. வைகாசி விசாகத்துக்கு எனக்கு மொட்டை.

எனக்கு உயிரே போய்விட்டது. ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேரப்போகிறேன். அங்கே எல்லோரும் இரட்டைப் பின்னல் போட்டு மடித்துப் பச்சை ரிப்பன் கட்ட வேண்டும். அத்தனை பச்சை ரிப்பனுக்கு நடுவில் நான் மட்டும் சந்தனம் பூசிய உருண்டைத் தலையோடு போய் நின்றால், ப்ளஸ் டூ முடிக்கும் வரை என் பெயர் மொட்டைச்சிதான். அழுதேன், சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். அம்மா அசையவில்லை. மொட்டை அடித்தால்தான் முடி கருகருவென்று முளைக்கும், சாமி கடனும் தீரும் என்று ஒரே பிடியாக நின்றாள். அந்தக் காலத்து அம்மாக்களின் வைத்திய சாஸ்திரம் உங்களுக்குத் தெரியாததா.

அப்பாதான் சமரசம் பேசினார். விசாகத்துக்குள் ரிப்பன் நிற்கிற அளவுக்கு முடி வந்துவிட்டால் பூமுடி கொடுத்தால் போதும் என்றார். பூமுடி என்றால் மூன்று இடத்தில் துளித்துளி நறுக்கிக் கொடுப்பது. சாமியும் ஒத்துக்கொள்ளும், பெண்ணும் தப்பிப்பாள். அம்மா அரை மனதாகத் தலையாட்டினாள். அப்பா அன்றைக்கே தாம்பரம் மார்க்கெட்டில் பச்சை ரிப்பன் ஒரு முழம் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னை முன்னால் உட்கார வைத்து, இருக்கிற முடியைச் சேர்த்துப் பிடித்து ரிப்பனைக் கட்டிப் பார்ப்பார். கையை எடுத்ததும் அது வழுக்கிக்கொண்டு என் மடியில் விழும். நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

இனி பால்காரம்மாவைச் சொல்ல வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் பழைய ஊரில் அவளுக்கு வீடு. எங்கள் காலனி மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் அவள் பங்காளிகள் நெல் விளைத்த நிலம். அதை விற்று முடித்தபின் அவளிடம் ஒரு எருமை மிஞ்சியது. விடிந்தும் விடியாத வேளையில் அதை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலிலேயே கறந்து கொடுப்பாள். கண்ணெதிரே கறப்பதால் தண்ணீர் கலந்த பேச்சுக்கே இடமில்லை. பதிலுக்கு நாங்கள் கழுநீர் வைக்க வேண்டும். முதல் நாள் முழுக்க அரிசி களைந்த தண்ணீர், மிச்சக் கஞ்சி, காய்த்தோல் எல்லாம் கொல்லையில் ஒரு மண்பானையில் சேர்ந்து, ராத்திரியில் புளித்து, காலையில் ஒரு வாசனை அடிக்கும் பாருங்கள், இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது. அம்மா அதைத் தூக்கி வந்து வாசலில் வைப்பாள். எருமை கண் வரைக்கும் முகத்தை உள்ளே விட்டு உறிஞ்சும். அது உறிஞ்ச உறிஞ்ச மடி இளகி, செம்பில் சர் சர்ரென்று பால் இறங்கும். கழுநீர் இல்லாவிட்டால் அது பாலை அடக்கிக்கொள்ளும். அது அதன் சுபாவம்.

பால்காரம்மாவுக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். ஆனால் அந்தக் கொண்டை இருக்கிறதே, ஒரு தேங்காய் கனம், அட்டைக் கறுப்பு. என் தலைக்குச் சின்ன வெங்காயச் சாறு தேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள் பொறாமை தாங்காமல் அவளிடம் கேட்டேவிட்டாள், தலைக்கு என்னதான் போடுகிறாய் என்று. அவள் பானையைக் காட்டினாள்.

"நான் இன்னாத்தம்மா போடறேன். எருமைக்கு வெக்கிறதுல ரெண்டு சொம்பு எனக்கு. அவ்ளோதான்."

அம்மா சிரித்து மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டால் கொடுத்திருப்பாளா என்றால், மாட்டாள். எருமை எச்சில் பட்ட பானையில் இருப்பதைத் தலையில் ஊற்றவா என்பாள். ஆகவே கேட்கவில்லை. மறுநாளே, அம்மா வாசலில் கோலம் போடும் நேரமாகப் பார்த்துக் கொல்லைக்குப் போனேன். பானையின் மேலாகத் தெளிந்து நின்ற வெள்ளைத் தண்ணீரை இரண்டு சொம்பு மொண்டு தலையில் ஊற்றித் தேய்த்தேன். குளிர்ச்சியாக, கொழகொழவென்று காதுக்குப் பின்னால் இறங்கியது. துண்டைச் சுற்றிக்கொண்டேன். குறைந்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரைப் பானையில் ஊற்றி நிரப்பிவிட்டேன். வெங்காய நாற்றத்தில் இந்த நாற்றம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குளித்துவிடுவேன்.

பத்து நாளில் உச்சியில் பூனை முடி போலச் சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. டைபாய்டில் போன முடி தானாகவே வரும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், அது வேறு விஷயம். கழுநீர்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு சொம்பு நாலாயிற்று. நாலு ஆறாயிற்று. பானையில் மிஞ்சியது காய்த்தோல் மிதக்கிற கிணற்றுத் தண்ணீர்.

மனிதர்கள் யாரும் அதை ருசி பார்க்கவில்லை. எருமை பார்த்தது. மூக்கை வைத்து ஒரு தரம் உறிஞ்சி, தலையை உதறிப் பானையை முட்டித் தள்ளியது. பால் இறங்கவில்லை. நான்கு ஆழாக்கு கறந்த இடத்தில் மூன்று, பிறகு இரண்டு. பால்காரம்மா மடியைத் தடவிக்கொடுத்துப் பார்த்தாள், முதுகைச் சொறிந்து பார்த்தாள். நான் ஜன்னலுக்கு உள்ளே துண்டைச் சுற்றிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் பொறுத்த அம்மா ஒரு நாள் காலையில் வெடித்துவிட்டாள். எதிர்வீட்டு டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் பாத்திரத்தோடு நிற்கும்போதே.

"வர்ற வழியில வேற யாருக்கோ கறந்து குடுத்துட்டு, மிச்சத்தை இங்க கொண்டு வர்றே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

பால்காரம்மா குந்தியிருந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இப்டி சொல்லிட்ட. எத்தினி வருசமா வந்துகினு கீறேன். மடி நெறைய பால் கீது, வந்து தொட்டுப் பாரு. எறக்க மாட்டேங்குது, நான் இன்னா பண்ணட்டும்."

அம்மா தொட்டுப் பார்க்கவில்லை. நாளையிலிருந்து எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். பால்காரம்மா செம்பைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு எருமையை இழுத்துப் போனாள். அவள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் விசாகத்துக்கு மொட்டை. திறக்கவில்லை.

அப்புறம் டிப்போ பால் வந்தது. கழுநீருக்கும் ஆள் இல்லாமல் போயிற்று. அம்மா கொல்லையில் வாழைக்குக் கொட்டச் சொன்னாள். முழுப்பானையும் எனக்கே. சந்தோஷப்பட வேண்டியதுதானே? சந்தோஷப்படவிடாமல் அந்த எருமை செய்தது. மற்ற வீடுகளுக்குப் போகிற வழியில் எங்கள் வாசல் வந்ததும் வழக்கப்படி நின்றுவிடும். பால்காரம்மா எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமலே கயிற்றைச் சுண்டுவாள். அது நகராது. இரண்டாவது தரம் பலமாகச் சுண்டுவாள். ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு நிமிஷம் நான் சமையலறையில் போய் நின்றுகொள்வேன்.

விசாகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. அன்றைக்கு ஞாயிறு. ரிப்பன் நிற்குமா என்று அப்பா பார்க்கப்போகிறார் என்பதால் விடிவதற்கு முன்னாலேயே பானையில் பாதியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் போயிருந்தது. துண்டுகூடக் கட்டாமல் வாசல்படியில் உட்கார்ந்து, சொட்டச் சொட்டக் காய வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டைச் சாத்தவில்லை.

எருமை வந்தது. நின்றது. மூக்கை உயர்த்தி இரண்டு தரம் முகர்ந்தது. பால்காரம்மா கயிற்றைச் சுண்டுவதற்குள் கயிற்றோடு அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்து, என் உச்சந்தலையில் நாக்கை வைத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. எழுந்தால் தோளை முட்டி உட்கார வைத்தது. நக்கியது, புஸ்ஸென்று மூச்சு விட்டது, மறுபடி நக்கியது. என் அலறல் கேட்டுத் தோசைத் திருப்பியோடு ஓடி வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். எதிர்வீட்டு டீச்சரும் வந்துவிட்டார். பால்காரம்மா எருமையின் கழுத்தைக் கட்டிப் பிடித்து விலக்கி, குனிந்து என் தலையை முகர்ந்தாள்.

"அட, இங்கதான் கீது என் எருமையோட கழுநீரு."

அம்மாவும் முகர்ந்தாள். பிறகு கொல்லைக்குப் போய்ப் பானையைப் பார்த்துவிட்டு வந்தாள். நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ஆறு சொம்பு, கிணற்றுத் தண்ணீர், எல்லாம். அம்மாவின் முகம் சிவந்து, கறுத்து, வேறு என்னமோ ஆயிற்று. விசாகம் வரைக்கும் எதற்கு, நாளைக்கே கொண்டுபோய் மொட்டை அடிக்கிறேன் பார் என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எருமையைக் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்த பால்காரம்மா திரும்பி நின்றாள். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. நியாயம் கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"யம்மா, எருமை நக்குன தல எச்சிலு ஆச்சே. எச்சில் பண்ணத சாமிக்குக் குடுப்பியா நீ?"

வாழைப்பழத்தில் எறும்பு ஏறியிருந்தாலே படையலில் வைக்காதவள் என் அம்மா. அவள் பிடி என் தோளில் தளர்ந்தது. டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். அம்மா பால்காரம்மாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கடைசியில், நாளைக்குப் பால் கொண்டு வந்துடுங்க என்றாள். அதுவரை அவளை நீ என்றுதான் சொல்லுவாள்.

விசாகத்தன்று பஸ் ஏறித் திருப்போரூர் போனோம். பூமுடிதான் என்று நினைத்துக்கொண்டு நான் ஜன்னலோரம் குஷியாக உட்கார்ந்திருந்தேன். முடி இறக்கும் கொட்டகையில் நாவிதர் என்னைக் கையைக் காட்டி, பாப்பாவுக்கா என்று கேட்டார். அம்மா இல்லை என்று சொல்லிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். அப்பா, ஏய், என்ன இது என்றார். அவருக்கே தெரியாது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முழங்கால் வரை வளர்ந்த முடி கத்தை கத்தையாக ஈரத்தரையில் விழுந்தது. நான் வீறிட்டு அழுதேன். எனக்கு வந்ததைத்தான் அவள் வாங்கிக்கொண்டாள் என்று அந்த வயதிலேயே தெரிந்தது. சந்தனம் பூசிய தலையோடு அம்மா திரும்பினாள். காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன, யாரோ அக்கா மாதிரி இருந்தாள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பள்ளிக்கூடம் திறந்த அன்று, இரண்டு பக்கமும் கட்டைவிரல் நீளத்துக்கு நட்டுக்கொண்டு நின்ற முடியில் ரிப்பன் நின்றது. ஹேர்பின் நாலு குத்தித்தான், ஆனால் நின்றது. அம்மா கொண்டுவிட வந்தாள். மூலையில் பெட்டிக்கடை வந்ததும், நீ இங்கேயே இரு, உள்ளே வராதே என்றேன். முந்தானையை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுதை, திரும்பியாவது பார்த்திருக்கலாம்.

பால்காரம்மா மறுபடி வர ஆரம்பித்தாள். அம்மாவின் மொட்டையை முதலில் பார்த்த காலையில் அவள் கை கறப்பதை நிறுத்தியது. பிறகு பானையை எருமைக்கு முன்னால் நகர்த்துவதற்கு முன், ஒரு சொம்பு மொண்டு அம்மாவின் பக்கமாகத் தரையில் வைத்தாள். அதிலிருந்து தினமும் அப்படித்தான். முதல் சொம்பு அம்மாவுக்கு, மிச்சம் எருமைக்கு. அம்மா அதில் பாதியை எனக்குத் தருவாள். இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொள்வோம். அப்பா ஆபீசுக்குக் கிளம்பும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் தாண்டிப் போவார். தீபாவளிக்கு அம்மா முடியும் ரிப்பன் கட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. என் ரிப்பனை வாங்கிக் கட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். அவ்வளவு சிரித்து நான் அவளைப் பார்த்ததில்லை.

அந்த வீடு இப்போது எட்டு ஃபிளாட். ஏரியின் ஒரு ஓரத்திலும் வீடுகள் வந்துவிட்டன. அம்மாவுக்கு எண்பத்தைந்து, என்னோடு மேடவாக்கத்தில்தான் இருக்கிறாள். லாரித் தண்ணீர் வரும் சனிக்கிழமைகளில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்து, முதல் நாள் எடுத்து வைத்த அரிசித் தண்ணீரை அவள் தலையில் ஊற்றுவேன். வெள்ளை வெளேரென்று, மெத்தென்று இருக்கிறது முடி. என் முடியைவிட அதிகம்.

இத்தனை வருஷமும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நான் ஒன்று சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்காகத் தன் முடியைக் கொடுத்தவள் என் அம்மா என்று. உங்களில் பாதிப்பேருக்கே சொல்லியிருப்பேன். போன சனிக்கிழமை, அந்த ரோஜாப்பூ பாட்டிலைக் காட்டிச் சிரித்துக்கொண்டே அவளிடமே கேட்டேன், எருமை நக்கினால் தலை எச்சில் என்று நிஜமாகவே நம்பினாயா என்று.

"எச்சிலாவது, மண்ணாவது" என்றாள் அம்மா. "தலைக்குத் தண்ணி ஊத்தினா தீர்ந்துபோச்சு."

பின்னே நீ எதற்கு உட்கார்ந்தாய் என்றேன். கண்ணை மூடிக்கொண்டே முகத்தை என் பக்கம் நிமிர்த்தினாள். நெற்றியில் வழிந்ததைத் துடைத்தேன்.

"கண்ணெதிர கறந்து குடுத்தவளை நாலு பேர் நிக்கறப்போ திருடின்னு சொல்லிட்டேன். தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. தலையைப் பார்த்தா அவளுக்குப் புரியும்னு தோணிச்சு."

சொம்பு என் கையில் அப்படியே நின்றது. நான் செய்த திருட்டுக்கு அவள் இறக்கிய முடி. நான் அதை எனக்குப் போட்ட மாலையாக ஐம்பது வருஷம் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பால்காரம்மாவுக்குப் புரிந்ததா அம்மா என்று கேட்டேன்.

"புரியாமலா தினம் முதல் சொம்பை எனக்கு எடுத்து வெச்சா?" என்றாள். "ஊத்து, கழுத்து வலிக்குது."

ஊற்றினேன்.